தொட்டிக்குள் எரிந்த விளக்கு

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
3-8-2025, ஆடிப்பெருக்கு

இளவரசிக்கு,

உன் அண்ணன் தினகரன் எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று அகிலா சொல்கிறாள்.

ஏழு வருஷம் கழித்து இவனுக்கு என்ன வந்தது என்று யோசிப்பாய். நீ அந்த ஆளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, குமரக்கோட்டத்து முருகன் முன்னால் கற்பூரத்தை அணைத்து, இனி உன்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்தேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் என் பெண்டாட்டி அகிலா வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். "பேசமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணீங்க? எழுதமாட்டேன்னு பண்ணலையே. எழுதுங்க, நான் போட்டோ புடிச்சு அவளுக்கு அனுப்பிட்றேன்" என்றாள். ஆகையால் எழுதுவது நான், தபால்காரி அவள். உன் பதிலும் அவள் போனுக்கே வரட்டும். என் போனில் உன் எண் தடையில் இருக்கிறது, அது அப்படியே இருக்கும்.

விஷயம் நம் சாயப் பட்டறையைப் பற்றியது. விறகு அடுப்புப் புகை தெருவை அடைக்கிறது என்று புகார் போய், இனி விறகு எரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஒரு பாய்லரைத் தலையில் கட்டப் பார்க்கிறார். மரத்தூளையும் கடலைத் தோலையும் அழுத்திச் செய்த பெல்லட்டைப் போட்டால் புகையே வராது என்கிறார். நீ பின்லாந்தில் இதே சாமானை வைத்துக்கொண்டுதான் கட்டடங்களுக்கு வெந்நீர் விடுகிறாய் என்று அகிலா சொன்னாள். கட்டடத்துக்கு வெந்நீர் வைக்க ஒரு உத்தியோகமா! மனுஷனுக்கு வைத்தால் புண்ணியமாவது கிடைக்கும்.

இதை நம்பலாமா? பட்டு சாயக் கொப்பரையில் இருக்கும்போது சூடு குறைந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்பது உனக்கே தெரியும். இதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ப. தினகரன்


பின்லாந்து
5-8-2025

அன்புள்ள அண்ணா,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால், உங்கள் கையெழுத்தைப் பார்த்து சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன் என்பதை எழுதவில்லை. அப்பா போனதை எனக்குக் காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி மூலம் சொல்லி அனுப்பினீர்களே, அதை இன்னும் மன்னிக்கவில்லை என்பதையும் எழுதவில்லை. "ப." என்று தலைப்பெழுத்து போட்டு, கடன் பத்திரம் மாதிரி கையெழுத்திட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே பரமசிவம்தான் அப்பா.

சரி, பாய்லர். இந்த ஊரில் குளிர்காலத்தில் வெளியே வைத்த ஈரத் துணி கட்டையாகிவிடும். ஆனால் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டிக் குளிர்காய மாட்டார்கள். ஊர் ஓரத்தில் எங்கள் நிலையம் இருக்கிறது. மரத்துண்டும் பெல்லட்டும் எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, தெருவுக்கு அடியில் குழாய் வழியாகப் பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் இல்லம், அடுக்கு வீடுகள் எல்லாவற்றுக்கும் அனுப்புகிறோம். சுவரோரக் குழாயில் அது ஓடினால் வீடு முழுக்கக் கதகதப்பு. பாய்லரைப் பார்ப்பது நான். குழாய்களைப் பார்ப்பது நீங்கள் பெயர் சொல்லாத அந்த ஆள். அவருக்கு சத்யராஜ் என்று பெயர்.

தாராளமாக வாங்குங்கள். சூடு ஒரே சீராக நிற்கும், உங்கள் அரக்குச் சாயத்துக்கு ஒரு குறையும் வராது. ஒன்றே ஒன்று: பெல்லட்டில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. பட்டால் ஊறிப் பொங்கி உதிர்ந்துவிடும், குழாயை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் பட்டறைத் தரை எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல இடமாகப் பார்த்து வையுங்கள்.

அண்ணிக்கு என் முத்தம். உங்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் தங்கை,
இளவரசி


உ

பிள்ளையார்பாளையம்
24-8-2025

இளவரசிக்கு,

பாய்லர் வந்துவிட்டது. பிள்ளையார் சதுர்த்திக்கு முன்பே மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டி ஓட்டிவிட்டோம். கோயம்புத்தூர்க்காரர் பொய் சொல்லவில்லை. கிளிப்பச்சை ஒரு பொதி போட்டேன், முனை முதல் முனை வரை ஒரே நிறம். புகார் கொடுத்த எதிர்வீட்டு வெங்கடேசனைக் கூட்டி வந்து புகைபோக்கியைக் காட்டினேன். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

உன் யோசனைப்படி ஈரம் படாத இடமும் கண்டுபிடித்தாயிற்று. பின்கட்டில் அப்பா கட்டின பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, தரைக்கடியில் இரண்டு ஆள் ஆழம், அதை வற்ற வைத்து, உள்ளே சிமெண்டு பூசி, பெல்லட் முழுவதையும் கொட்டிவிட்டேன். மேலே ஒரே ஒரு மூடி. அதன் விளிம்பையும் ரப்பர் வைத்து அடைத்தாயிற்று. எறும்புகூட நுழையாது. அங்கிருந்து திருகுக் குழாய் ஒன்று பெல்லட்டை பாய்லருக்கு இழுத்துக்கொண்டு போகிறது. பின்லாந்தில் இப்படி ஒரு கிடங்கு இருக்காது.

நடுவில் பெல்லட் கட்டிக்கொண்டு குழாய்க்குள் விழாமல் நின்றால், நம் சாயக்காரன் சிட்டிபாபு இறங்கிக் குத்திவிடுகிறான். பயப்படாதே, அப்பா கிணறு தூர் எடுக்கும்போது செய்த மாதிரி, முதலில் கயிற்றில் விளக்கு கட்டி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆளை இறக்குகிறேன். விளக்கு நன்றாக எரிகிறது. அவன்தான் மேலே வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நேற்று வாந்தி வேறு. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறான் போலிருக்கிறது. கேட்டால், "ஊத்திக்கினு வரலீங்க மொதலாளி, தல கிர்ருனு சுத்துது" என்கிறான். வயசாகிறது.

அகிலா இதோடு பிள்ளையார் படம் ஒன்று அனுப்புவாள்.

இப்படிக்கு,
தினகரன்


பின்லாந்து
24-8-2025

அண்ணா,

இதைப் படித்ததும் நேரே பின்கட்டுக்குப் போய் அந்த மூடியைத் திறந்து வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

திறந்துவிட்டீர்களா? இனி அந்தத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. திறந்து வைத்தாலும் கூடாது.

பெல்லட் சும்மா கிடக்கும்போதே ஒரு வாயுவை விடும். கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, இருமல்கூட வராது. அடைத்த இடத்தில் அது சேர்ந்துகொண்டே போகும், வெயிலூரில் இன்னும் அதிகமாகச் சேரும். தலைசுற்றல், வாந்தி, அதற்கப்புறம் ஆள் சுருண்டு விழுவார். சிட்டிபாபு மாமா குடித்துவிட்டு வரவில்லை அண்ணா. அவருக்கு விஷம் ஏறியிருக்கிறது.

உங்கள் விளக்கு பொய் சொல்கிறது. கிணற்றுக்குள் இருப்பது வேறு கெட்ட காற்று, அது விளக்கை அணைக்கும். இது அணைக்காது. மனிதன் செத்துக் கிடப்பான், பக்கத்தில் விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும். அந்தத் தூசியில் தீயைக் கொண்டுபோவதே இன்னொரு ஆபத்து.

எங்கள் நிலையத்தில் கிடங்குக் கதவருகே மீட்டர் இல்லாமல் ஒருவரும் தலையை நீட்ட மாட்டோம். பக்கத்து ஊரில் ஒருவர் தன் வீட்டு நிலவறைக்குள் பெல்லட்டைக் கிளறப் போனார். அவரைக் காணோமே என்று மனைவி போனார். இருவரையும் சேர்த்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

ஈரம் படக்கூடாது என்று எழுதின நான் காற்று வேண்டும் என்று எழுதவில்லை. இங்கே அது குழந்தைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் தோன்றவில்லை. பெல்லட்டை மேலே எடுத்து, பலகை போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். அண்ணியிடம் போனில் இப்போதுதான் பேசினேன். "நான் சொன்னா கேக்கற ஆளாம்மா உங்க அண்ணன்?" என்கிறார். அதனால் காலில் விழுகிற மாதிரி எழுதுகிறேன். கேளுங்கள்.

இளவரசி


பிள்ளையார்பாளையம்
31-8-2025

இளவரசிக்கு,

ஒரு வாரம் பொறுத்துத்தான் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் காகிதம் பற்றி எரிந்திருக்கும்.

மூடியை நாள் பூராவும் திறந்து வை என்கிறாய். ஆவணி மழை உன்னைக் கேட்டுக்கொண்டா பெய்கிறது? வெளியே அடுக்கு என்கிறாய். வாசலில் பாவு, கூடத்தில் தறி, நடையில் நூல். என் தலையில்தான் அடுக்க வேண்டும். முகூர்த்தப் புடவைக்காரர்கள் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

காஞ்சிபுரத்தில் எத்தனை கிணறு, எத்தனை காலம்? அத்தனையிலும் விளக்கு இறக்கிப் பார்த்துத்தான் ஆள் இறங்கினான், ஏறினான். அப்பா இறக்கிய விளக்கு பொய் சொல்லும், நீ படித்த மீட்டர் நிஜம் சொல்லும், அப்படித்தானே? நீ போனது அந்த ஆளோடு மட்டும் இல்லை, அப்பாவின் புத்தியைத் தூக்கி எறிந்துவிட்டும் போயிருக்கிறாய்.

பாய்லர் ஓடுகிறது. சிட்டிபாபு இறங்குகிறான், ஏறுகிறான். நேற்று கொஞ்சம் தள்ளாடினான், மோர் கொடுத்தோம், சரியாகிவிட்டது. இந்த விஷயத்தை இத்தோடு விடு.

தினகரன்


பின்லாந்து
1-9-2025

அண்ணா,

விட மாட்டேன்.

அப்பாவின் புத்தியை நான் எறியவில்லை. கிணற்றில் ஆளை இறக்கும் முன் ஒரு தடவை நின்று யோசித்தாரே, அந்தப் புத்தியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படுங்கள், பரவாயில்லை. அந்தத் தொட்டியில் நீங்கள் எத்தனை முறை இறங்கினீர்கள்? தலை சுற்றினது உங்களுக்காக இருந்தால் மோரோடு விட்டிருப்பீர்களா? சிட்டிபாபு மாமா அப்பா காலத்திலிருந்து நம் பட்டுக்குச் சாயம் போடுகிறார். அவர் கை பட்ட நூலைத்தான் கல்யாணப் பெண்கள் கட்டிக்கொண்டு மணையில் உட்காருகிறார்கள். அதில் உங்களுக்கு ஒரு தீட்டும் இல்லை. அவருடைய அக்கா மகன் உங்கள் தங்கை கையைப் பிடித்தபோது மட்டும் கற்பூரம் வாங்க ஓடினீர்கள்.

நீங்கள் கேட்காவிட்டால் கேட்கிறவரிடம் சொல்லத்தான் வேண்டும். இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தன் மாமாவோடு பேசப் போகிறார். இறங்காதே, யாராவது இறங்கியே தீருவேன் என்றால் இடுப்பில் கயிறு கட்டாமல் விடாதே, விழுந்தால் பின்னாலேயே குதிக்காதே, மேலே நின்று இழு. இவ்வளவுதான் சொல்வார். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று இருக்கக் கூடாது என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இளவரசி


பிள்ளையார்பாளையம்
4-9-2025

இளவரசிக்கு,

சந்தோஷமா? என் பட்டறையில் என் ஆள் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறான்.

இன்று காலையிலிருந்து குழாய்க்குள் பெல்லட் விழவில்லை. அரக்கு கொப்பரையில் பொதி முங்கிக் கிடக்கிறது. மணப்பெண் புடவைக்கானது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆறிவிடும், அத்தோடு அத்தனை பட்டும் பாழ். இறங்குடா என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மன்னிச்சுக்கோங்க மொதலாளி. சத்யா போன்ல சொல்லிக்கினே இருந்தான். எனக்கும் உள்ள போனா என்னமோ பண்ணுது. நான் எறங்கமாட்டேன்" என்றான். இருபது வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் 'மாட்டேன்' இது. அதைச் சொல்லிக்கொடுத்தது உன் வீட்டுக்காரன்.

விளக்கை இறக்கினேன். ஜம்மென்று எரிகிறது. அகிலாவையே கூப்பிட்டுக் காட்டினேன். நானே இறங்கப் போகிறேன். நீ கேட்டாயே, நீங்கள் எத்தனை முறை இறங்கினீர்கள் என்று. இன்றைக்கு எண்ணிக்கொள்.

இடுப்பில் கயிறு கட்டாமல் விட மாட்டேன் என்று சிட்டிபாபு அடம்பிடித்து, கிணற்றுக் கயிற்றை எடுக்கப் போயிருக்கிறான். அதற்குள்தான் இதை எழுதுகிறேன். சரி, கட்டித் தொலையட்டும். இறங்கி, குத்திவிட்டு, ஏறி வந்து மீதியை எழுதுகிறேன். அதுவரை


பின்லாந்து
4-9-2025

அண்ணா இறங்காதீர்கள்.

அண்ணி இப்போதுதான் உங்கள் பாதிக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். உடனே கூப்பிட்டேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது. பின்கட்டுக்குப் போகும்போது போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டார் போலிருக்கிறது. உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. சிட்டிபாபு மாமாவை இவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் அடிக்கிறது.

பட்டு போகட்டும். புடவைக்காரர்கள் திட்டட்டும், நான் வந்து பதில் சொல்கிறேன். நான் சொன்னது எல்லாம் தப்பு, விளக்கு சொல்வதுதான் சரி, நீங்கள் ஜெயித்தீர்கள், எழுதிக் கொடுக்கிறேன். இறங்காமல் மட்டும் இருங்கள்.

இன்னும் எடுக்கவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாம் பாய்லரை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நிற்கிறார்கள். என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். இத்தனை போன் இருந்தும், எழுதுவதைத் தவிர வேறு வழியை எனக்கு நீங்கள் வைக்கவில்லையே அண்ணா. நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யாராவது எடுங்கள்.


உ

பிள்ளையார்பாளையம்
14-9-2025

மாப்பிள்ளை சத்யராஜ் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தினகரன் எழுதுவது. உடம்பு இன்னும் தேறவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்றைக்கு நடந்ததை அகிலா போனில் இளவரசியிடம் சொல்லியிருப்பாள். என் வாயாலும், அதாவது என் கையாலும், உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏணியில் இறங்கிக் கடப்பாரையை எடுத்து இரண்டு குத்துதான் குத்தினேன். கால் என்னுடையது மாதிரி இல்லை. கத்தலாம் என்று நினைத்தேன், எதற்குக் கத்த வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. விளக்கு என் கண்ணுக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் விழுந்தேன்.

கயிறு கனத்ததும் சிட்டிபாபுவும் அகிலாவும் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டு அகிலா ஏணியில் கால் வைத்திருக்கிறாள். "எறங்காதம்மா, நீயும் போயிடுவ! கயித்தப் புடி, இழு!" என்று சிட்டிபாபு அவளை ஒரு கையால் பிடித்துத் தள்ளியிருக்கிறான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததாம். அவள் இறங்கியிருந்தால் இந்த வீட்டில் விளக்கேற்ற ஆள் இருந்திருக்காது. ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். மருத்துவர் உங்கள் வீட்டம்மா எழுதினதையே வார்த்தை மாறாமல் சொன்னார். தொட்டியை இடித்துத் திறந்துவிட்டோம். பெல்லட் இப்போது கூடத்தில், ஒரு தறியைக் கழற்றிய இடத்தில், பலகை மேல் இருக்கிறது.

சிட்டிபாபு அன்றைக்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. வேட்டி, துண்டு, பழம் எல்லாம் வைத்து ஆள் மூலம் தாமலில் அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

இதை எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன். அப்பா இருந்திருந்தால் அவர் அழைத்திருக்க வேண்டியது. அவர் இருந்தபோதும் நான் அழைக்க விட்டிருக்க மாட்டேன், அது வேறு. வருகிற தீபாவளியை நீங்கள் எங்கள் வீட்டில் தலைதீபாவளியாகக் கொண்டாட வேண்டும். ஏழு வருஷம் கழித்துத் தலைதீபாவளியா என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உங்களுக்கு நம் தறியிலேயே வேட்டி போடச் சொல்லியிருக்கிறேன். இளவரசிக்கு அரக்குப் புடவை. அன்றைக்குக் கொப்பரையில் கிடந்த பட்டில் கொஞ்சம் திட்டு விழுந்துவிட்டது, அதனால் அது இல்லை, புதிதாகச் சாயம் போட்டது.

அவளிடம் சொல்லவும்: பேசுவதில்லை என்ற சத்தியத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் வந்து நின்றால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. வரச் சொல்லவும்.

தங்கள்,
தினகரன்


பின்லாந்து
17-9-2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை அவர் வேலைக்குப் புறப்படும்போது படித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, முதியோர் இல்லத்துக் குழாயில் ஏதோ பழுது என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்விட்டு ராத்திரி வந்து, "உங்க அண்ணன் உடம்பு எப்படி இருக்குதாம்?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் பேச்சு. நான் பேசாமல் இருக்க முடியாதவள், எழுதுகிறேன்.

நீங்கள் உயிரோடு இருப்பதற்கு எந்தச் சாமிக்கு என்ன வேண்டினேன் என்று பட்டியல் போட்டால் தாள் போதாது. அண்ணி கடைசியில் போனை எடுத்து "மூச்சு இருக்குதும்மா" என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையை இன்னும் காதுக்குள் வைத்திருக்கிறேன். "மாப்பிள்ளை" என்று நீங்கள் எழுதினதைப் படித்தும் அழுதேன். அதெல்லாம் இருக்கட்டும்.

சிட்டிபாபு மாமா ஏன் வேலைக்கு வரவில்லை என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். என் மாமியார் ரேணுகாம்பாள் அத்தைக்குப் போன் செய்து நான் கேட்டேன். அவருக்கு இன்னும் தலைவலி. சில நேரம் எதற்கு எழுந்தோம் என்பதே மறந்து நடுவீட்டில் நிற்கிறாராம். நீங்கள் ஒரு தடவை இறங்கினீர்கள், ஆம்புலன்ஸ் வந்தது. அவர் வாரக்கணக்கில் இறங்கினார், மோர் வந்தது. டாக்டரிடம் போகச் சொன்னால், "மொதலாளியே பொழச்சுக்கினாரு, எனக்கு இன்னா" என்கிறாராம்.

அழைப்பு பற்றி. நம் வீட்டு வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைதீபாவளி அழைப்பைக் கடிதத்தில் எழுதமாட்டார்கள். பெண் வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், துணி வைத்து எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். நம் சங்கரி அக்காவின் தலைதீபாவளிக்கு அப்பா அப்படித்தான் போனார், நீங்களும் கூடப் போனீர்கள். உங்கள் சம்பந்தி வீடு தாமலில், ஏரிக்கரைக் காலனியில் இருக்கிறது, அத்தையும் மாமாவும் ஒன்றாக இருக்கிற வீடு. ஏழு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. ஆள் மூலம் வேட்டி போய்ச் சேர்ந்த வீட்டுக்கு உங்கள் கால் போக முடியாதா?

நீங்களும் அண்ணியும் போங்கள். முதலில் மாமாவை நல்ல டாக்டரிடம் அழைத்துப் போங்கள், தொட்டியில் நடந்ததை உங்கள் வாயால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் அத்தையிடம் தட்டைக் கொடுங்கள். அவர் உங்களை உட்காரச் சொல்லத் தயங்குவார். உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரைக் கேட்க வைக்காதீர்கள். நீங்களே உள்ளே போய் உட்கார்ந்து, "குடிக்கத் தண்ணி குடுங்கம்மா" என்று கேளுங்கள்.

நீங்கள் குடித்தீர்கள் என்று அத்தை சொன்னால், அன்றைக்கே டிக்கெட் போடுகிறோம்.

உங்கள் தங்கை,
இளவரசி